ஆட்டத்தில் இல்லாத கேள்வி

அந்தக் கேள்வி அங்கே இல்லை.

திரையில் சத்திரம் இருந்தது. மூலையில் கணப்பு எரிந்தது, மர மேசைமேல் குவளைகள் இருந்தன, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் ஆறு பேரும் வாசலை ஒட்டி நின்றார்கள். வாள்காரன், வில்காரி, திருடன், மந்திரவாதி, குள்ளன், காயம் ஆற்றும் பெண். பதின்மூன்று வயதில் நான் பார்த்த அதே சத்திரம்தான். ஓரங்கள் கூர்மையாகியிருந்தன, படம் திரை முழுக்க அகன்றிருந்தது, அவ்வளவே வித்தியாசம். சத்திரக்காரன் தலைக்கு மேல் ஆங்கில எழுத்துகள் எழுந்தன. அறைகள் நிரம்பிவிட்டன, கூடத்தில் படுத்துக்கொள்ளலாம் என்றான். கீழே இரண்டு பதில்கள். ஒன்று, தங்குகிறோம். இரண்டு, கிளம்புகிறோம்.

வேறொன்றும் இல்லை. படித்தேன், மறுபடி படித்தேன். சன்னலுக்கு வெளியே சேலத்து வெயில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் காய்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. கீழே தெருவில் ஒருவர் கீரை விற்றுப் போனார். அந்தக் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. 

ஏனென்றால் அந்த இடத்தில் வேறொரு கேள்வி இருந்தது. என் காதால் கேட்டேன். அதற்குப் பதில் சொன்னேன். இத்தனை வருடங்களாக அதைச் சட்டைப்பைக்குள் கூழாங்கல்போல வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஆட்டத்தை வாங்கியது அதற்கு முந்தைய வாரம். பழைய கணினி ஆட்டங்களைத் தேடியெடுத்து, இன்றைய இயந்திரங்களில் ஓடும்படி சீர்செய்து விற்கும் இணையக் கடை ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு மதியம் நூல் மில் அலுவலகத்தில் வேலை இல்லாமல் எதையோ துழாவிக்கொண்டிருந்தபோது அந்த முகப்புப் படம் கண்ணில் பட்டது. பனிமலை, ஆறு நிழல்கள். தள்ளுபடி போட்டிருந்தார்கள். ஒரு அட்டை முட்டையின் விலைகூட இல்லை. என் பாதித் தூக்கத்தை ஆண்ட ராஜ்ஜியம், அதன் மலைகள், பாலங்கள், தன் குகையில் புரண்டு படுக்கும் அந்த டிராகன், எல்லாம் சேர்ந்து முப்பது முட்டைக்குக் கீழே. இலவசமாகக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது.

வாங்கிவிட்டேன். ஒரு வாரம் ஆடினேன். அந்த வாரம் முழுக்கச் சின்னச் சின்ன அதிர்ச்சிகள் வந்துகொண்டே இருந்தன, நான்தான் சிரித்துத் தள்ளிவிட்டேன்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது எங்கள் வீடு ஆட்டையாம்பட்டியில் இருந்தது. வீட்டை ஒட்டித் தறிக்கூடம். நூல் கணக்கு எழுத உதவும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா ஒரு பழைய கணினி வாங்கினார். கணக்கு அவர் தலைக்குள்ளேயே இருந்தது. கணினி தறிக்கூடச் சுவரை ஒட்டிய அறையில், பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா சேலத்தில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் யாரிடமோ வாங்கி வந்த குறுந்தகட்டில் இந்த ஆட்டம் இருந்தது. ஆறு பேரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும், எதிர்ப்படுகிறவர்களிடம் பேச வேண்டும், என்ன பதில் சொல்கிறோமோ அதற்கேற்பக் கதை திரும்பும். எல்லாப் பேச்சும் எழுத்தில்தான். ஆங்கிலத்தில்.

நான் தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் டிராகன் வந்து தின்றுவிடும். ஆகவே மௌஸ் என் கையில், வாய் அக்காவுடையது. அவள் திரையை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு தமிழில் சொல்லுவாள்.

“குள்ளன் என்னக்கா சொல்றான்?”

“பசிக்குதுங்கறான்.”

“இவ்ளோ நீளமா இருக்குது?”

“ரொம்பப் பசிக்குதுங்கறான். பேசாம மௌஸைப் புடி.”

அவள் சொன்ன டிராகன், “யாரைக் கேட்டுடா உள்ளார வந்தீங்க?” என்று எங்கள் பெரியப்பாவைப்போல் கேட்டது. பாலத்துக் காவலன் டவுன்பஸ் கண்டக்டர் மாதிரிச் சில்லறை இல்லாமல் ஏறக்கூடாது என்றான். காயம் ஆற்றும் பெண்ணுக்கு மட்டும் ஒரு நீண்ட கதை இருந்தது. அவளுடைய ஊரில் பொழுதுக்கும் தறி ஓடுமாம். அதனால் அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்களாம். மெல்லப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானாம், அதனால் அவள் பேசுவது யாருக்கும் கேட்காதாம்.

பனிமலை ராஜ்ஜியத்தில் தறி எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கணினியில் சத்தமே வராது, ஒலிபெருக்கி வாங்கவில்லை. தறிச் சத்தத்தில்தான் என் வாள்காரன் நடந்தான், அதன் அடிக்குத்தான் அவன் கத்தி விழுந்தது. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு சுவர் இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் தறி ஓடும் என்றே நினைத்திருந்தேன். திடீரென்று தறிகள் நின்றால் மின்சாரம் போய்விட்டது என்று அர்த்தம். திரையும் இருண்டுவிடும், அதுவரை நடந்த தூரமெல்லாம் வீண். அதனால் நல்ல இடம் வந்ததும் அக்கா சொல்லுவாள், “சேவ் பண்ணு. கரண்ட் போயிரும்.” எதை எங்கே சேமித்தோமோ அங்கிருந்து மறுபடி லோட் செய்து ஆடலாம். செத்தாலும் ஆடலாம்.

ஆட்டத்தை வாங்கிய அந்த வாரம் நானே படித்தேன். குள்ளன் பசியைப் பற்றிப் பேசவே இல்லை. தன் அண்ணனைக் கொன்றவனைத் தேடுவதாகச் சொன்னான். டிராகன் யாரையும் எதுவும் கேட்காமல் தீயைக் கக்கியது. காயம் ஆற்றும் பெண் எங்கள் கூட்டத்தில் சேரும்போது “வழிகாட்டுங்கள்” என்று ஒரு சொல் சொன்னாள். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. ஊர் இல்லை, தறி இல்லை, கதை இல்லை. மொத்த ஆட்டத்திலும் அவளுக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான்.

எல்லாவற்றையும் அக்கா இட்டுக்கட்டியிருக்கிறாள் என்று தெரிந்து சத்தம் போட்டே சிரித்தேன். ஆசிரியையாகப் போகிறவள் அப்போதே மாணவனை மடக்கியிருக்கிறாள். அவள் இப்போது இருக்கும் நாமக்கல்லுக்குப் போனால் இதைச் சொல்லி வம்பிழுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

பிறகு சத்திரத்துக்கு வந்தேன்.

என் நினைவில் அந்த இடம் இப்படி இருந்தது. நான் மௌஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொல்கிறாள்.

“அந்தப் பொண்ணுக்கு அவங்கப்பன் மாப்பிள்ளை பாத்துட்டாராம்டா. நல்ல எடமாம். போகட்டுமா வேண்டாமான்னு உன்னையக் கேக்கறா.”

“என்னைய எதுக்குக் கேக்கறா?”

“நீதான தலைவன்.”

“அவ போயிட்டா காயத்தை யாருக்கா ஆத்தறது?”

“அத நீயே பாத்துச் சொல்லு. ஒண்ணு, இங்கயே இரு. ரெண்டு, போயிட்டு வா.”

நான் ஒன்றை அழுத்துகிறேன். திரை இருண்டு, விடிகிறது. அவள் எங்களோடு இருக்கிறாள். கடைசிவரை இருக்கிறாள்.

பிற்பாடு நான் கவிதை எழுதத் தொடங்கினேன், முதல் உரைநடைக் கவிதை அவளைப் பற்றியதுதான். போகாமல் நின்றுவிட்ட ஒருத்தி. அதற்குப் பிறகு எழுதியதிலெல்லாம் எங்காவது ஒரு வரியில் அவள் நடந்து போயிருக்கிறாள்.

இன்னொரு நினைவு, வேறொரு பெட்டியில் கிடந்தது. அதே சமயத்தில் அக்காவுக்கு ஓர் இடம் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தார்கள், வடநாடு வரைக்கும் போய் வரும் வண்டிகள். சாதகம் பொருந்தியது. எல்லாருக்கும் சம்மதம். உறுதி வார்த்தை பேச அவர்கள் வரவேண்டிய அன்று காலையில், அப்பாவும் பெரியப்பாவும் காபி குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு அக்கா போய் நின்றாள். “எனக்கு வேண்டாங்கப்பா” என்றாள். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தறிக்கூடத்துக்குள் போனார். ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். மின்சாரம் இருக்கும்போது எங்கள் வீட்டில் நான் கேட்ட முதல் நிசப்தம் அது.

ஏன் வேண்டாம் என்றாள்? எங்கள் குடும்பத்தில் அவிழாத முடிச்சு அதுதான். காதல் என்றார்கள். அவர்கள் வீட்டில் யாரோ குடிப்பார்கள், அது இவளுக்குத் தெரிந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு வந்த இடமெல்லாம் ஒன்றொன்றாய்த் தட்டிப்போயிற்று. அக்கா மேலே படித்தாள், நாமக்கல்லில் பள்ளி வேலைக்குப் போனாள், தனியாகவே இருந்துவிட்டாள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அம்மா இலையில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பாள். “ரிக்கு வண்டிக்காரரு ஊட்டுக்கு வாக்கப்பட்டிருந்தா இன்னைக்கு மாடி ஊட்ல இருந்திருப்பா. என்ன கெரகம் புடிச்சு வேண்டாம்னாளோ.” நானும் தலையாட்டுவேன். எனக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சத்திரக்காரனின் அந்த இரண்டு வரிகளுக்கு முன்னால், இரண்டு பெட்டிகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன.

அவள் தனக்காகக் கேட்டிருக்கிறாள். நான் ஒரு மருந்துப் பெட்டிக்காகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அன்று மதியமே மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினேன். ராசிபுரம் தாண்டும்வரை என் கை அந்தப் பையைவிட்டு அகலவில்லை. “மடியில என்னங்க, கொழந்தையா? இந்தப் புடி புடிக்கறீங்க, மேல வெய்யுங்க” என்றார் கண்டக்டர்.  சன்னலுக்கு வெளியே கோழிப்பண்ணைகள், நீளநீளமாக, ஒன்றுபோல் ஒன்று. ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கை. அந்த வீடு, அந்தப் பிள்ளைகள், அவள் போயிருக்க வேண்டிய ஊர்கள். ஒரு சிறுவன் விரலைச் சொடுக்கி அத்தனையையும் அணைத்துவிட்டான், தன் வாள்காரனின் காயத்துக்கு மருந்து போட ஆள் வேண்டும் என்று. அப்படித்தான் அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் எங்கே நின்றது, யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதெல்லாம் நினைவில்லை.

அக்கா மாடிவீட்டில் இருக்கிறாள். படியேறியதும் செருப்பு வைக்கும் பலகைமேல் ஒரு தலைக்கவசம் இருந்தது. பெரியது, கறுப்பு. அக்காவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

“யாருதுக்கா இது?”

“ஸ்கூல்ல ஒருத்தரு வெச்சுட்டுப் போனாரு. போன்கூடப் பண்ணாம வந்திருக்கற, ஆருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?”

“எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க.”

“அப்ப நீதான் நல்லால்ல. கண்ணாடியில மூஞ்சியப் பாரு, பேயடிச்சாப்ல.”

கணினியை மேசைமேல் வைத்துத் திறந்தேன். அக்கா திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை ஓரமாக நகர்த்தி, நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினாள். பனி கொட்டுவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“அட, இது இன்னும் சாகலையா?”

“உசுரு குடுத்துத் திரும்ப விக்கறாங்கக்கா. தள்ளுபடியில. ஒரு அட்டை முட்டையவிடக் கம்மி.”

“முட்டை வெலை உனக்கு எங்க தெரியும்? கடைக்குப் போறது உம்பொண்டாட்டி.”

சத்திரத்துக்குக் கொண்டுபோனேன். சத்திரக்காரன் தலைமேல் எழுத்துகள் வந்தன. அவள் உதடு அசையாமல் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்கு நீ வேறென்னமோ படிச்ச” என்றேன்.

 கீழே தெருவில் ஒரு லாரி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. வரலாம், வரலாம் என்று யாரோ பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

“நான் இருன்னு சொன்னதாலதான் நீ வேண்டாம்னியாக்கா?”

பஸ் முழுக்க ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம், உடைந்துதான் வந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குத் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீ எங்கடா இருன்னு சொன்ன?”

“சொன்னேனேக்கா.”

“போகட்டும்னுதான் சொன்ன. யோசிக்கக்கூட இல்ல, பட்டுனு ரெண்ட அழுத்திப்போட்டு அடுத்த ஊருக்கு நடையக் கட்டிட்ட.”

“இல்லக்கா. எனக்கு நல்லா நெனப்பிருக்குது.”

“உனக்குக் கடைசிதான் நெனப்பிருக்குது. நான் திரும்ப லோட் பண்ணேன். போற வழியில பனியில மாட்டி எல்லாரும் செத்துப்போனாங்கன்னேன். மறுபடியும் போகட்டும்ன. கல்யாணத்துல பலகாரம் போடுவாங்களான்னு வேற கேட்ட. மறுபடியும் லோட் பண்ணேன். நீ மாறுற மாதிரித் தெரியல. அப்பறம் நாந்தான், அவ போயிட்டா காயத்தை ஆரு ஆத்தறதுன்னு எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்பறந்தான் ஒண்ண அழுத்துன.”

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாக்கியம் என்னுடையது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். அவளை நிறுத்திய அன்பு என்னுடையது, அந்தக் குற்றமும் என்னுடையது என்று வழியெல்லாம் சுமந்துவந்தேன். இரண்டும் என்னுடையவை இல்லை. அந்தச் சத்திரத்தில் நான் செய்தது, அக்கா காட்டிய இடத்தில் விரலை வைத்தது மட்டும்தான்.

“அப்ப என்னைய எதுக்குக்கா கேட்ட?”

அக்கா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்தாள்.

“ஊட்ல அத்தன பேரும் போ போன்னாங்க. முடிவெல்லாம் நான் மின்னயே பண்ணியாச்சு. ஆனா அது தொண்டையவிட்டு வெளிய வரோணுமில்ல. ஒரு வாயிலருந்தாச்சும் ‘இரு’ன்னு கேட்டுட்டாத் தெம்பா இருக்கும்னு தோணுச்சு. நீதான் கைக்குச் சிக்குன.”

“ஏன் வேண்டாம்னு முடிவு பண்ணுன?”

“மேல படிக்கோணும்னு இருந்துச்சு. மாப்பிள்ளை ஊட்ல அனுப்ப மாட்டம்னுட்டாங்க.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். ஆளாளுக்கு ஒவ்வொரு கதை கட்டுனாங்க. நேரா வந்து ஒருத்தரும் கேக்கல. நீயும்தான். இப்ப வந்து கேக்கற, அதுவும் தள்ளுபடியில போட்டாங்கன்னு.”

அவள் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. அவிழாத முடிச்சு என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தது முடிச்சே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கவிதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பஸ் ஏறியிருக்கலாம்.

டீ போட்டுக்கொண்டு வந்தாள். வந்து உட்கார்ந்து, “சித்தெ நகரு” என்று கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாய்தான் தன்னுடையது என்று இருந்தவள் இப்போது மௌஸையும் எடுத்துக்கொண்டாள். சத்திரத்தைவிட்டு வெளியே வந்து, பனிச்சரிவில் இறங்கி, ஆறு பேரையும் பெரிய நகரத்தின் கோட்டைவாயில் வரை நடத்திப்போனாள். வாயிற்காவலன் மறித்தான். அவன் தலைமேல் எழுத்துகள் எழுந்தன. நானும் படித்தேன். இருட்டினால் கதவை அடைத்துவிடுவோம், உள்ளே வருகிறீர்களா, திரும்பிப் போகிறீர்களா. ஒன்று, இரண்டு.

அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். அதே பழைய குரல், தறிச் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பழகிய குரல்.

“அந்தக் காயம் ஆத்துற பொண்ணுக்கு இப்ப அம்பது ஆகப்போகுதாம்டா.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“கூட வேலை பாக்கறவரு ஒருத்தரு. பொண்டாட்டி தவறி ரொம்ப வருசமாச்சு. செடிகொடி பாடம் எடுக்கறவரு, வாயத் தொறந்தா எலை பேரும் வேரு பேருந்தான். இனிமே ஒண்ணாவே இருந்துக்கலாமான்னு கேட்டிருக்காரு. இவளுக்கு ஆசைதான். ஆனா இந்த வயசுல ஊரு சிரிக்குமோ, அம்மா என்ன சொல்லுமோன்னு வெசனம். ஒண்ணு, உள்ள போ. ரெண்டு, வந்த வழியே திரும்பு.”

எனக்கு இப்போது ஆங்கிலம் தெரியும். திரையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது தெரியும். திரும்பிச் செருப்புப் பலகையைப் பார்த்தேன். கறுப்புத் தலைக்கவசம் மாலை வெயிலில் பளபளத்துக்கொண்டு, யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.  

அக்கா மௌஸை என் பக்கம் தள்ளினாள். அவளுடைய இன்னொரு கை விசைப்பலகையில், மறுபடி லோட் செய்யும் விசைமேல் ஒரு விரலோடு காத்திருந்தது.

“அந்தாளு வண்டிய மெதுவா ஓட்டுவாராக்கா?”

“கதையில அதெல்லாம் போடல. பதிலச் சொல்லு.”

ஒன்றை அழுத்தினேன்.

கதவு திறந்தது. ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள், காயம் ஆற்றும் பெண் கடைசியாக. அக்காவின் விரல் அந்த விசைமேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

“சேவ் பண்ணு” என்றாள். “கரண்ட் போயிரும்.”